கூலியும் கையொப்பமும்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியராகிய யாம் இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயினும், சென்ற ஆண்டு எம் கைக்கு வந்து சேர்ந்த இரண்டு கடிதங்கள் எம் எண்ணத்தை மாற்றிவிட்டன. அவை சிறிய விமானமொன்றைப் பழுதுபார்த்த கூலியைப் பற்றியவை. தமிழாசிரியனுக்கும் விமானக் கொட்டகைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவுதல் கூடும். அக்கடிதங்களை எழுதிய இருவரும் எம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் என்பதே தொடர்பு.

கலாசாலையிற் பயிற்சி முடித்து யாம் இக்கல்லூரிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் அவ்விருவரும் உயர்தர வகுப்பு மாணவராய் இருந்தனர். ஒருவர் இன்று அமெரிக்காவில் வைத்தியர். அங்கே நண்பர் இருவரோடு பங்காக நான்கு இருக்கைகளையுடைய பழைய செஸ்னா விமானமொன்றை வைத்திருக்கின்றார். ஓய்வு நாள்களில் தாமே அதனைச் செலுத்துவார். மற்றவருக்கு உயர்தரப் பரீட்சையில் எதிர்பார்த்த பெறுபேறு கிட்டவில்லை. உறவினர் உதவியால் அதே நாட்டுக்குச் சென்றவர், விமானத் தொழில் பயிற்றும் பாடசாலையொன்றிற் கற்று, உரிமம் பெற்று, சிறிய விமான நிலையமொன்றில் மெக்கானிக்காக இருக்கின்றார். இருவர் பெயரையும் இங்கு யாம் கூறப்போவதில்லை. முன்னவரை வைத்தியர் என்றும் பின்னவரை மெக்கானிக் என்றுமே குறிப்பிடுவோம்.

நண்பன் கை பட்டால் நம்பிக்கை என்று எண்ணி வைத்தியர் தமது விமானத்தின் ஆண்டுப் பரிசோதனையை மெக்கானிக்கிடம் ஒப்படைத்தார். பரிசோதனைக்கு 18 மணித்தியால வேலை எனத் தொலைபேசியிற் பேசப்பட்டது. மூன்று கிழமையின் பின் வந்த கணக்குச் சீட்டில் 39 மணித்தியாலம் எழுதப்பட்டிருந்தது. மிகுந்த 21 மணித்தியாலத்துக்கும் விபரம் உண்டு. இயந்திரத்தின் சிலிண்டர் ஒன்றைக் கழற்றித் திருத்திப் பூட்டியமைக்கு 9. ஒழுங்கின்றிக் கிடந்த பதிவேடுகளை ஆராய்ந்தமைக்கு 5. துருவேறிய திருகாணிகளைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, தடையைச் சீர்செய்தமைக்கு 7.

வைத்தியர் தொலைபேசியில் அழைத்தார். “சொல்லாமற் கொள்ளாமல் ஏன் மச்சான் சிலிண்டரைக் கழற்றினாய்?” என்று கேட்டார். “சொல்லியிருந்தால் வேண்டாம் எண்டிருப்பியோ?” என்று மெக்கானிக் கேட்டார். பேச்சுத் தடித்தது. ஈற்றில் வைத்தியர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தது: “ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு இவ்வளவு காசோ?”

பணம் முழுவதும் செலுத்தப்பட்டது. விமானமும் கையளிக்கப்பட்டது. அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. பின்னர், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமலே, இருவரும் எமக்கு எழுதினர். வைத்தியர், “ஐயா, நண்பன் என்று நம்பிய இடத்தில் ஏமாற்றப்பட்டேன்” என்று எழுதியிருந்தார். மெக்கானிக், “ஐயா, காசு வந்துவிட்டது. அந்தச் சொல்தான் போகவில்லை” என்று எழுதியிருந்தார்.

இவ்வழக்கில் நடுவராய் அமர்தற்குரிய அறிவு எம்மிடம் இருக்கவில்லை. ஆதலின் இருவரிடமும் கேட்டும், கிடைத்தவற்றை வாசித்தும் சில மாதம் பயின்றோம். அறிந்தவற்றை முதலிற் கூறி, எம் கருத்தைப் பின்னர்க் கூறுவோம்.

அமெரிக்கச் சட்டப்படி, தனியார் வைத்திருக்கும் சிறிய விமானம் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனைக்கு உட்படல் வேண்டும். அதனை உரிமம் பெற்ற மெக்கானிக் எல்லாரும் செய்து ஒப்பமிட முடியாது. விமான உடல், இயந்திரம் ஆகிய இரண்டிலும் உரிமம் பெறுதற்கு அங்கீகாரமுள்ள பாடசாலையிற் கற்றிருத்தல் வேண்டும். அன்றேல் 30 மாதத் தொழில் அனுபவம் வேண்டும். அதன்பின் எழுத்து, வாய்மொழி, செய்முறை என மூவகைப் பரீட்சையும் உண்டு. அவ்வுரிமத்தோடு குறைந்தது மூன்று ஆண்டு கழித்தவரே பரிசோதிக்கும் அதிகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவ்வதிகாரம் பெற்றவர், விமானத்தின் பதிவேட்டில் நாளும் தமது இலக்கமும் எழுதி, “இவ்விமானம் பறத்தற்குத் தகுதியுடையது” என்று கருத்துப்பட வரைந்து கையொப்பம் இடுகின்றார்.

அக்கையொப்பம் சாதாரணமானதன்று. வீதியிற் செல்லும் மோட்டார் வண்டி பழுதுற்றால் ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் இல்லை. ‘அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது’ என்னும் பழமொழி தரையில் ஓடும் தேருக்குரியது. விமானமோ அச்சாணி கழன்ற பின்னரும் சிறிது தூரம் ஓடும். அதுவே அதன் ஆபத்து. பரிசோதனை முடிந்து பல மாதம் கழித்து ஏதேனும் நேர்ந்தால், விசாரணையாளர் முதலிற் புரட்டுவது பதிவேட்டின் அப்பக்கத்தையே. ஆகவே மெக்கானிக் விற்பது கையின் உழைப்பை மட்டுமன்று; தமது பெயரையும் உரிமத்தையும் சேர்த்தே ஈடு வைக்கின்றார்.

இனி மணிக்கட்டணத்தை நோக்குவோம். அந்நாட்டின் பட்டறைகள் பலவற்றில் இன்று ஒரு மணித்தியாலத்துக்கு 100 டொலருக்கு மேல் அறவிடுகின்றனர். இதனைக் கேட்ட மாத்திரத்தே மெக்கானிக் செல்வந்தர் என்று எண்ணுதல் தவறு. பட்டறை அறவிடுவது வேறு. மெக்கானிக் கைக்கு வருவது வேறு. கொட்டகை வாடகை, காப்புறுதி, திருத்தக் கைந்நூல்களுக்கான சந்தா, முறுக்கு விசையை அளக்கும் சாவி முதலிய கருவிகளைக் காலந்தோறும் சரிபார்க்கும் செலவு எல்லாம் அதனுள் அடங்கும். கைக்கருவிகளைப் பெரும்பாலும் மெக்கானிக்குகள் தம் சொந்தப் பணத்திலேயே வாங்குகின்றனர்.

கட்டணம் ஏறுதற்கு இன்னொரு காரணம் விமானங்களின் முதுமை. செஸ்னா நிறுவனம் 1986ஆம் ஆண்டில் தன் சிறிய பிஸ்டன் இயந்திர விமானங்களின் உற்பத்தியை நிறுத்தியது. வழக்குகளும் நட்டஈட்டுச் சுமையும் அதற்குக் கூறப்பட்ட பெருங் காரணம். 1994ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் இயற்றியது. சிறிய விமானமொன்று விற்கப்பட்டு 18 ஆண்டு கடந்தபின் அதனைச் செய்தவர் மீது பெரும்பாலும் வழக்குத் தொடர முடியாது என்பதே அச்சட்டத்தின் சாரம். அதன் பின்னரே, 1996ஆம் ஆண்டில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. ஆயின் இன்றும் 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்ட விமானங்கள் பெருந்தொகையாகப் பறக்கின்றன. அவற்றைச் செய்தவரோ சட்டத்தின் நிழலில் ஒதுங்கிக்கொண்டார். விபத்து நேர்ந்தால் வழக்கறிஞர் தேடும் பெயர்களுள் கடைசியாய் ஒப்பமிட்ட மெக்கானிக்கின் பெயரும் ஒன்று. அவ்வச்சமும் மணிக்கட்டணத்துள் ஒளிந்து கிடக்கின்றது.

மெக்கானிக்கின் கூலி பற்றிய வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. விமானத்தின் வரலாறே ஒரு மெக்கானிக்கின் கூலியோடுதான் தொடங்குகின்றது. ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரில் சைக்கிள் கடை நடத்திய றைற் சகோதரர், 1901ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சார்ள்ஸ் டெயிலர் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினர். கிழமைக்கு 18 டொலர் எனப் பேச்சு. தம் விமானத்துக்கு ஏற்ற இலேசான இயந்திரத்தை எந்த மோட்டார் நிறுவனமும் தர இயலாதபோது, அதனைச் செய்யும் பொறுப்பு டெயிலர் கைக்கு வந்தது. ஒரு கடைசல் இயந்திரமும் ஒரு துளையிடும் இயந்திரமுமே பெருங் கருவிகளாய்க் கொண்டு, உருக்குக் கட்டியிலிருந்து சுழல்தண்டைக் குடைந்தெடுத்து, அலுமினிய வார்ப்பு உடலில் அதனைப் பொருத்தி, ஆறு கிழமையில் ஏறக்குறைய 12 குதிரை வலுவுள்ள இயந்திரத்தைச் செய்து முடித்தார். 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் நாள் அவ்வியந்திரமே மனிதனை 12 விநாடி ஆகாயத்தில் தாங்கிற்று.

றைற் சகோதரர் பெயர் அறியாத மாணவன் உலகில் இல்லை. டெயிலர் பெயரை எம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? பிற்காலத்தில் அவர் வறுமையுற்றார். 1937ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோட் என்னும் மோட்டார்ச் செல்வர் பழைய றைற் கடையை நினைவாலயமாக அமைக்க விரும்பி அவரைத் தேடுவித்தபொழுது, அவர் லொஸ் ஏஞ்சலிசில் ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கு 37 சதக் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்தார் என்பர். தாம் யார் என்பதை உடன் வேலை செய்தோருக்கும் அவர் கூறியிருக்கவில்லை. 1956ஆம் ஆண்டு சனவரியில் தமது 87ஆம் வயதிற் காலமானார். இன்று அவர் பிறந்த மே 24ஆம் நாளை அந்நாட்டார் விமான மெக்கானிக்குகளின் நாளாகப் போற்றுகின்றனர். ஐம்பது ஆண்டு தொழில் செய்தோருக்கு அவர் பெயரால் விருதும் அளிக்கின்றனர். வாழ்ந்தபோது கொடுக்க மறந்த மதிப்பைக் காலங் கடந்து கொடுக்கும் வழக்கம் எமக்கு மட்டும் உரியதன்று போலும்.

உழைப்பு மணிகளைச் சுருக்குவதில் எவ்வளவு கேடு விளையக்கூடும் என்பதற்குப் பெரிய விமானத்தின் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1979ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் சிக்காகோ நகரில் டீ.சீ. 10 வகை விமானமொன்று மேலெழும்போதே அதன் இடப்புற இயந்திரம் தாங்கியோடு பிரிந்து வீழ்ந்தது. விமானத்தில் இருந்தோரும் தரையில் நின்றோருமாக 273 பேர் மாண்டனர். விசாரணையில் வெளிப்பட்டது யாது? இயந்திரத்தை முதலிற் கழற்றி, அதன்பின் தாங்கியைக் கழற்றுக என்பது செய்தவர் கூறிய முறை. விமான நிறுவனமோ இரண்டையும் சேர்த்தே பாரந்தூக்கும் வண்டியாற் கழற்றிப் பூட்டும் முறையைக் கைக்கொண்டது. அதனால் ஒரு விமானத்துக்கு ஏறக்குறைய 200 மனித மணித்தியாலம் மீதமாயிற்று. அவ்வேலையின்போது தாங்கியில் விழுந்த வெடிப்புப் பின்னர்ப் பெருகி உயிர் குடித்தது. மீதமான மணிகளுக்கு யார் விலை கொடுத்தனர் என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

இவ்வளவும் கூறியதனால், மெக்கானிக் எழுதும் சீட்டெல்லாம் சரி, உரிமையாளர் வாய் மூடிக் கொடுத்தல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்றனர் நம் முன்னோர். அந்நாட்டுச் சட்டமும் விமானத்தைத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் முதற் பொறுப்பை உரிமையாளர் மீதே சுமத்துகின்றது. பொறுப்பு யாருடையதோ, அறியும் உரிமையும் தீர்மானிக்கும் உரிமையும் அவருடையனவே. பரிசோதனை வேறு, பழுதுபார்த்தல் வேறு. பரிசோதனையிற் குறை கண்டால், அக்குறைகளை நிரலாக எழுதி, நாளிட்டு ஒப்பமிட்டு உரிமையாளரிடம் கொடுத்தல் வேண்டும் என்று சட்டமே கூறுகின்றது. அக்குறைகளை அதே மெக்கானிக்கைக் கொண்டோ உரிமம் பெற்ற பிறரைக் கொண்டோ உரிமையாளர் தீர்ப்பித்துக்கொள்ளலாம்.

இனி அச்சிலிண்டருக்கு வருவோம். சிலிண்டரின் நலத்தை அறிய, அதனுள் 80 இறாத்தல் அமுக்கத்திற் காற்றைச் செலுத்தி, எவ்வளவு நிலைக்கின்றது என்று பார்ப்பார்கள். எழுபதுக்கு மேல் நின்றால் நன்று. இவ்விமானத்தின் ஒரு சிலிண்டரில் நின்றது 48. மெக்கானிக் காதை வைத்துக் கேட்டார். எண்ணெய் ஊற்றும் வாய்வழியே காற்றுச் சீறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்தது என்பதும், புகைக்குழாய்வழியே சீறினால் புகைவால்வு கெட்டது என்பதும் அவர் தொழிலறிவு. சீற்றம் புகைக்குழாயிற் கேட்டது. இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடாக்கி மீண்டும் சோதித்தார், மாற்றம் இல்லை. நெஞ்சிற் குழல் வைத்து நோயறியும் வைத்தியருக்கு இது விளங்காத செயலன்று. தம் கலையையே தம் நண்பர் வேறோர் உடலிற் செய்தார் என்பதை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

ஆயின், நோயறிந்த வைத்தியர், நோயாளியைக் கேளாமல் அறுவை செய்வாரா? மாட்டார். அங்கேதான் மெக்கானிக் தவறினார். அவர் கை தவறவில்லை; வாய் தவறியது. ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு நிழற்படம், “இதற்கு ஒன்பது மணித்தியாலம் செல்லும், செய்யட்டுமா?” என்னும் ஒரு வினா போதுமாயிருந்தது. “சொல்லியிருந்தால் வேண்டாம் எண்டிருப்பியோ?” என்று அவர் கேட்டது நியாயம் போலத் தோன்றும். வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்பதற்காகக் கேளாது விடுதல் நியாயமாகாது. விடை தெரிந்த வினாவையும் கேட்பதே மரியாதை. நட்பு நடுவிலே நிற்கும்போது அம்மரியாதை இரட்டிப்பாக வேண்டப்படும். நட்பினால் அது விலக்கப்படுவதில்லை.

எஞ்சிய 12 மணித்தியாலம் யார் கணக்கு? எம் தீர்ப்பில் அது வைத்தியர் கணக்கே. பதிவேடு பேணுவது உரிமையாளர் கடமை. விமான வகை ஒவ்வொன்றுக்கும் அரசினர் வெளியிட்ட கட்டாயத் திருத்தப் பணிப்புரைகள் பல உண்டு. அவை ஒவ்வொன்றும் எப்பொழுது நிறைவேற்றப்பட்டது என்பதைப் பதிவேட்டிலே காட்டல் வேண்டும். தாள்கள் ஒரு பையில் அள்ளிப் போட்டபடி வந்தால், அவற்றைப் பிரித்து அடுக்குதற்கும் மெக்கானிக்கின் மணியே செலவாகும். தம் மாணவனின் கலைந்த கொப்பியைத் திருத்தும் ஆசிரியரைக் கேட்டால் இதன் துன்பம் தெரியும்.

மூடிகளைக் கழற்றுதல், இருக்கைகளை அகற்றுதல், எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுதல் ஆகியவற்றை மெக்கானிக்கின் நேரடி மேற்பார்வையில் உரிமையாளரும் செய்யலாம். பரிசோதனையை மட்டும் அவர் செய்தல் ஆகாது. இதனன்றி, விமானமோட்டும் சான்றிதழுடைய உரிமையாளர் தாமாகவே செய்யத்தக்க சிறு வேலைகளையும் சட்டம் நிரற்படுத்தியிருக்கின்றது. எண்ணெய் மாற்றுதல், ரயர் மாற்றுதல், பிளக் துடைத்தல், பற்றரி பேணுதல் முதலியன அவை. செய்தபின் பதிவேட்டில் எழுதி ஒப்பமிடல் வேண்டும். இவ்வாறு தம் கையால் உழைக்கும் உரிமையாளர் பலர் அந்நாட்டில் உளர். அவர்களுக்குப் பணமும் மீதம். தம் விமானத்தின் உள்ளுறுப்பை அறிந்த அறிவும் இலாபம். ஒரு திருகாணியோடு அரைமணி போராடியபின் மெக்கானிக்கின் சீட்டை நோக்கும் பார்வையும் வேறாகும்.

ஆகவே யாம் கண்ட முடிவு இது: செலவைக் குறைத்தற்கு நேர்மையான வழி, மணிக்குரிய விலையை அடித்துக் குறைப்பதன்று, வீணாகும் மணிகளைக் குறைப்பதே. விலையை அடித்துக் குறைப்பவர் மெக்கானிக்கின் அவசரத்தை விலைக்கு வாங்குகின்றார். மணிகளைக் குறைப்பவர் அவர் கவனத்தை வாங்குகின்றார். வேலை தொடங்குமுன் இருவரும் எழுத்திற் சில பொருத்தம் செய்துகொள்ளல் வேண்டும். பரிசோதனைக்கு எத்தனை மணித்தியாலம். எந்த அளவுக்கு மேற் சென்றால் கேட்டே செய்தல் வேண்டும். உரிமையாளர் எவ்வேலையிற் பங்கு கொள்வார். பணம் எந்நாளிற் கைமாறும் ஆகிய இந்நான்கும் ஒரு தாளில் அடங்கும். நண்பரிடம் எழுத்தா என்று கூசுவோர் உளர். நட்பைக் காப்பதற்கே எழுத்து. பகைவரிடம் எழுதி வைப்பதற்கு நீதிமன்றம் இருக்கின்றது.

இம்மட்டில் வழக்குத் தீர்ந்தது எனலாம். ஆனால், அச்சொல் தீரவில்லை. “ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு இவ்வளவு காசோ?” என்பது வைத்தியர் அமெரிக்காவிற் கற்ற சொல்லன்று. அங்கே மெக்கானிக்கும் வைத்தியரும் ஒரே கடையில் ஒரே மேசையில் அமர்ந்து கோப்பி அருந்துவர். அச்சொல்லை அவர் இங்கிருந்தே கொண்டு சென்றார். எங்கிருந்து என்று எண்ணிப் பார்த்தபோது எம் நெஞ்சு சுட்டது. எம் வகுப்பிலிருந்தே கொண்டு சென்றாரோ?

எமது கல்லூரி மண்டபத்திற் பலகையொன்று தொங்குகின்றது. வைத்திய பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் சென்றோர் பெயர்கள் அதிற் பொன்னெழுத்தில் உள்ளன. வைத்தியரின் பெயரும் அதில் உண்டு. அதனை எழுதுவித்த நாளில் மகிழ்ந்தோருள் யாமும் ஒருவர். மெக்கானிக்கின் பெயர் அங்கு இல்லை. பெறுபேறு வந்த அன்று அவர் எம்மிடம் வந்து நின்றார். “பரவாயில்லை, ஏதேனும் கைத்தொழில் பழகு” என்று கூறி அனுப்பினோம். ஆறுதல் என்று எண்ணிக் கூறிய அச்சொற்களில் எவ்வளவு இகழ்ச்சி கலந்திருந்தது என்பதை இத்துணை ஆண்டு கழித்து அவர் கடிதம் எமக்கு உணர்த்திற்று. வைத்தியர் ஒருமுறை சொன்னதை யாம் அதற்கு முன்னரே சொல்லிவிட்டோம்.

இம்மண்ணுக்கு இவ்விகழ்ச்சி சற்றும் பொருந்தாது. யாம் பள்ளிச் சிறுவராயிருந்த 1990களின் தடைக் காலத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சில துளி பெற்றோலால் மூச்சுக் கொடுத்து, மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டிகளை ஓடச் செய்தவர்கள் எம் ஊர் மெக்கானிக்குகள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியைப் பேச வைத்தனர். நோயாளியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு சென்ற பழைய ஒஸ்ரின் வண்டி அவர்கள் கைவண்ணத்தாலேயே ஓடிற்று. அவர்களுள் ஒருவர் பெயரேனும் எப்பலகையில் எழுதப்பட்டிருக்கின்றது? ஆண்டுதோறும் நவராத்திரி முடிவில் கருவிகளுக்குச் சந்தனம் சாத்தி வணங்குகின்றோம். மறுநாள் அக்கருவியைப் பிடிக்கும் கையைக் கண்டால் முகம் சுளிக்கின்றோம். பூசை யாருக்கு?

விமானமும் எமக்கு அந்நியமானதன்று. 1947ஆம் ஆண்டு டிசெம்பரில் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அவ்விமானங்களில் ஏறிச் செல்வதையும், அவற்றைச் செலுத்துவோராய் வருவதையும் எம் மாணவர் கனவு காண்கின்றனர். கீழே நின்று அவற்றைப் பறத்தற்குத் தகுதியாக்கும் தொழிலை எவரேனும் கனவு காண நாம் கற்பித்தோமா?

யூபிலி ஆண்டில் நன்கொடை திரட்டுவதும் கட்டடம் எழுப்புவதும் வேண்டியனவே. அவற்றோடு இரு சிறு காரியங்களையும் பழைய மாணவர் சங்கத்தின் முன் வைக்கின்றோம். மண்டபத்துப் பலகையின் அருகே மற்றொரு பலகை வைத்தல் வேண்டும். உரிமம் பெற்றுத் தொழில் செய்யும் மெக்கானிக், மின்னிணைப்பாளர், தச்சர், தாதியர் ஆகிய எம் மாணவர் பெயர்கள் அதில் இடம்பெறல் வேண்டும். அடுத்த பரிசளிப்பு விழாவிற் பிரதம விருந்தினராக அத்தகைய ஒருவரை அழைத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ் செலவு இல்லை. பெரு மனம் ஒன்றே தேவை. ஆசிரியராகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. பரீட்சையில் தவறிய மாணவனுக்குத் தொழிலை ஆறுதற் பரிசாகக் காட்டும் வழக்கத்தை இன்றோடு விடுவோமாக. தகுதியுடையவன் தேடிச் செல்லும் துறையாகவே அதனைக் காட்டுவோமாக.

மாணவ மணிகளே, உங்களுட் சிலர் நாளை பிறர் உழைப்பை வாங்குவோராவீர்கள். சிலர் தம் உழைப்பை விற்போராவீர்கள். வாங்குவோர் முன்கூட்டிக் கேளுங்கள், பேசியபடி கொடுங்கள், கொடுக்கும்போது சொல்லால் குறைக்காதீர்கள். விற்போர் செய்யுமுன் சொல்லுங்கள், செய்ததை எழுதுங்கள், உங்கள் கையொப்பத்தை மலிவாக்காதீர்கள். எழுதக் கற்றுக்கொடுத்த கல்லூரி, எதன் கீழ்க் கையொப்பம் இடலாம், எதன் கீழ் இடலாகாது என்பதையும் கற்பித்திருத்தல் வேண்டும். அதனைக் கற்றவர் அம்மெக்கானிக். 48 என்று காட்டிய சிலிண்டரின் கீழ் அவர் ஒப்பமிட மறுத்தார். ஒப்பமிட்டிருந்தால் நட்பு நிலைத்திருக்கும்; நண்பர் நிலைத்திருப்பாரோ என்பது ஐயம்.

இம்மலர் அச்சாகி முடிந்ததும் கடல் கடந்த பழைய மாணவருக்கும் அனுப்பப்படும் என அறிகின்றோம். வைத்தியர் வீட்டுக்கு ஒன்று போகும். மெக்கானிக் வீட்டுக்கும் ஒன்று போகும். விமானத்தின் அடுத்த ஆண்டுப் பரிசோதனைக்கு இன்னும் சில மாதம் உண்டு. முதலில் தொலைபேசியை எடுப்பவர் யார் என்று யாம் கேட்கப்போவதில்லை. இருவருக்கும் தவறான சொல்லைக் கற்பித்த ஆசிரியர், தம் பிழையைத் தாமே சிவப்பு மையால் திருத்தி இப்பக்கங்களின் கீழ்க் கையொப்பம் இடுகின்றார்.